ஜீப் வியாதி: ஒரு முடிக்கூட்டின் கதை

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு குண்டடி பட்டவர்கள் மட்டும் வரவில்லை. உட்கார முடியாமல் வந்தவர்களும் ஏராளம். முதுகெலும்பு முடியும் இடத்தில், பிட்டப் பிளவின் மேல்பகுதியில், வீங்கிச் சீழ் வடியும் ஒரு புண். போர் முடிவதற்குள் சுமார் 80,000 சிப்பாய்கள் இதற்காகப் படுக்கையில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் இளம் வயசுப் பையன்கள். மேயோ கிளினிக்கின் லூயிஸ் பூயீ 1944-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ஜீப் வியாதி. கரடுமுரடான பாதையில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போனதால் வருகிறது என்பது அவர் கணிப்பு.

டாக்டர்கள் சொல்லும் பெயர் பைலோனிடல் சைனஸ். லத்தீனில் 'பைலஸ்' என்றால் முடி, 'நைடஸ்' என்றால் கூடு. பாஸ்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாட்ஜஸ் 1880-ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். புண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளே பறவைக்கூடு மாதிரி முடிக்கற்றை இருக்கும். இதை முதலில் பார்த்தவர் அவரில்லை. 1833-லேயே ஹெர்பர்ட் மேயோ எழுதியிருக்கிறார். 1847-ல் ஆண்டர்சன் என்பவரும் ஒரு புண்ணிலிருந்து முடி எடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

சரி, தோலுக்கு அடியில் முடி எப்படிப் போனது? கதையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அப்போது பெரும்பாலானவர்கள் நம்பிய பதில், இது பிறவிக் கோளாறு என்பது. கருவில் முதுகுப்பக்கம் மூடும்போது கொஞ்சம் தோல் உள்ளே மாட்டிக்கொள்கிறது, அதில் முடி முளைக்கிறது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளக்கத்துக்கு நோயாளி கொடுத்த விலை பெரிது. பிறவி எச்சம் என்றால் துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும் அல்லவா? அதனால் எலும்பை மூடியிருக்கும் சவ்வு வரைக்கும் அகலமாக வெட்டினார்கள். காயம் ஆற வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு. ஆறின பிறகும் பலருக்குத் திரும்ப வந்தது. 'சரியா எடுக்கல' என்று இன்னும் ஆழமாக வெட்டினார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது, சம்பந்தமே இல்லாத ஒரு இடம்: முடிதிருத்துபவரின் கை. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பேட்டி, ஸ்கார்ஃப் இருவரும் 1946-ல், இது பிறவியில் வருவதல்ல, பிறகு வருவது என்று வாதிட்டார்கள். 1948-ல் ஒரு முடிதிருத்துபவரின் கையில் இதே புண் வந்ததை வெளியிட்டார்கள். விரலிடுக்கில் எந்தக் கரு எச்சமும் கிடையாது. உள்ளே குத்தியிருப்பது அவருடைய முடி கூட இல்லை, வாடிக்கையாளருடையது! ஆக, முடி வெளியிலிருந்து உள்ளே போகிறது.

இது எப்படி நடக்கிறது? சின்ன வயசில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருப்பீர்கள். கை ஆட ஆட அது மேலே மேலே ஏறும், கீழே இறங்காது. முடியின் மேலும் அப்படி நுண்ணிய செதில்கள் உண்டு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை. இரண்டு பிட்டங்களும் உரசும்போது உதிர்ந்த முடி ஒரே திசையில் நகர்ந்து, வேர்வையில் ஊறிய தோலைத் துளைக்கிறது. ஜீப்பின் பங்கு இவ்வளவுதான். அது நோயைக் கொடுக்கவில்லை, முடியைத் தள்ளியது.

கிரேக்க ராணுவ சர்ஜன் கரிடாகிஸ் இதை மூன்றே காரணிகளாகச் சுருக்கினார்: உதிர்ந்த முடி, அதைத் தள்ளும் விசை, இடம் கொடுக்கும் தோல். அப்படியென்றால் ஆழமாக வெட்டுவதைவிட அந்தப் பிளவின் வடிவத்தை மாற்றுவதுதான் வழி. 1973-ல் அவர் வெளியிட்ட முறையில், தையலை நடுக்கோட்டில் போடாமல் பக்கவாட்டில் தள்ளி, பள்ளத்தையும் மேலாக்கினார். 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்து, திரும்ப வந்தது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் என்று 1992-ல் எழுதினார். அமெரிக்காவில் ஜான் பாஸ்கம் 1980-ல், நடுக்கோட்டுத் துளைகளை மட்டும் அரிசி அளவில் எடுத்தாலே பலருக்குப் போதும் என்று காட்டினார். அண்மையில் ஜெர்மனியின் டாலும் அவர் குழுவும், புண்ணுக்குள் கிடைக்கும் முடியில் பெரும்பகுதி பின்னந்தலையிலிருந்து விழுந்த குட்டையான, கூர்மையான வெட்டு முடி என்று கண்டுபிடித்தார்கள். ராணுவக் கிராப் நினைவுக்கு வருகிறதா?

இனி நடைமுறை விஷயம். கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஸ்கேன் தேவையில்லை, டாக்டர் பார்த்தாலே தெரியும். பிளவின் நடுக்கோட்டில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். நம்மூரில் இதை மூலம், பவுத்திரம் என்று நினைத்துக்கொண்டு களிம்பு தடவுபவர்கள் உண்டு. பவுத்திரத்தின் வழி ஆசனவாய்க்குள் போகும். இது அதற்கு மேலே, வால் எலும்புப் பக்கம். திடீரென்று வீங்கி வலித்தால் சீழ்க்கட்டி. அதைக் கீறி வடிக்கணும், வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் தீராது. வலியோ சீழோ இல்லாத வெறும் துளைக்கு ஆபரேஷன் வேண்டாம். அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தால்தான் அறுவை. தைத்து மூடுவதாக இருந்தால் நடுக்கோட்டில் தைப்பதைவிடப் பக்கவாட்டில் தைப்பதே நல்லது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 'தையல் எங்க வரும் டாக்டர்?' என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பது வயசுக்குள் வருகிறது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். வரும் இடம் அப்படி என்பதால் வீட்டில்கூடச் சொல்லாமல் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து சமாளிக்கிறார்கள். அந்த 80,000 பேரில் யாரும் அசுத்தத்தாலோ தப்பான பழக்கத்தாலோ படுக்கவில்லை. உதிர்ந்த முடி ஒன்று போகக்கூடாத திசையில் போனது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பையன் யாராவது நாற்காலியின் நுனியில் உட்கார ஆரம்பித்தால், ஒரு வார்த்தை கேளுங்கள்.