சாயம் நின்ற கதை



உங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் துணிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாத்தாவின் பெலிக்காட் கைலி ஒன்று இருக்கும். அம்மாவின் பூப்போட்ட பாத்தேக் துணி ஒன்று இருக்கும். பிள்ளையின் டீ-சட்டை ஒன்று இருக்கும். அதன் மார்பில் பள்ளிப் பெயரோ, கோயில் திருவிழாவின் ஆண்டோ, பந்து விளையாட்டுக் குழுவின் படமோ அச்சாகியிருக்கும். இந்த மூன்று துணிகளுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் முன்னோர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத்தான் இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்று. பீடோங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியர். ஒரு முறை விளையாட்டுப் போட்டிக்காகச் சட்டைகளை நாமே அச்சிடுவோம் என்று முடிவு செய்தோம். கடையில் அச்சடிக்கக் கொடுத்தால் பெற்றோருக்குச் செலவு. ஆகவே மரச்சட்டம் ஒன்றில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, நாற்பது வெள்ளைச் சட்டைகளில் சிவப்பு மையால் புலித்தலை ஒன்றை அச்சிட்டோம். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி முடிந்தது, சட்டைகள் வீட்டுக்குச் சென்றன, மறுநாள் தாய்மார்கள் துவைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் ஒரு பாட்டி நின்றார். கையில் பேரனின் சட்டை. புலி கரைந்துபோய்ச் சட்டை முழுதும் இளஞ்சிவப்பாக இருந்தது. "நிறத்தைப் பூசினா மட்டும் போதுமா வாத்தியாரே? அத நிக்க வைக்க வேணாமா?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டியின் கேள்வி சாதாரணக் கேள்வி அன்று. இரண்டாயிரம் ஆண்டுத் துணி வாணிபமே அந்தக் கேள்விக்கான விடையின்மேல்தான் நின்றது. நிறத்தைப் பூச உலகில் பலருக்குத் தெரிந்திருந்தது. துவைத்தாலும் போகாமல் அதை நிற்க வைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் சோழமண்டலக் கரையில் வாழ்ந்த சாயக்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள்.

சிந்து வெளியின் மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான சாயமேற்றிய பருத்தித் துணித் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழமையானது இந்தக் கலை. நம் கெடாவுக்கும் தமிழகத்துக்கும் இருந்த வாணிபத் தொடர்பும் பழமையானதே. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது, பட்டினப்பாலை காழகத்திலிருந்து வந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். காழகம் என்ற சொல்லுக்குத் தமிழில் உடை என்ற பொருளும் உண்டு. 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல் படை அனுப்பினான் என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில் போனால் பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்களைக் காணலாம். படை வந்தது சில காலம். வணிகர் வந்ததோ பல நூற்றாண்டுக் காலம்.

அந்த வணிகர்கள் கொண்டு வந்த சரக்குகளில் முதன்மையானது துணி. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கு இருந்த தோமே பிரஸ் என்பவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களையும் அவர்களுடைய துணிகளையும் பற்றி எழுதி வைத்தார். இந்தத் தீவுகளில் மிளகு, சாதிக்காய், கிராம்பு வாங்க வேண்டுமானால் வெள்ளிக் காசைவிடத் துணிக்குத்தான் மதிப்பு அதிகம். இதை அறிந்த டச்சுக்காரர்கள் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் 1610-இல் வந்து அமர்ந்து, அங்கே கெல்டிரியா என்ற கோட்டையையும் எழுப்பினார்கள். பழவேற்காட்டைப் பிறநாட்டார் புலிக்காட் என்று அழைத்தனர். அந்தப் பெயர் மலாய் மொழியில் பெலிக்காட் ஆனது. தாத்தா இடுப்பில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் வந்த வழி இதுதான். பழவேற்காடு 1825-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஊரின் பெயர் மட்டும் இன்றும் நம் வீட்டுக் கொடியில் தொங்குகிறது!

பெலிக்காட் தறியில் நெய்த கட்டம், அது அச்சடித்ததன்று. அச்சடித்தும் எழுதியும் வண்ணமேற்றிய துணிக்குச் சீட்டித் துணி என்று பெயர். வயதான பெண்கள் சீட்டிப் பாவாடை என்று சொல்வதை நீங்கள் கேட்டிருக்கக் கூடும். மூங்கில் எழுதுகோலால் துணியில் சித்திரம் எழுதுவது கலம்காரி எனப்படும். செதுக்கிய மரக்கட்டையைத் தோய்த்துப் பதிப்பது கட்டை அச்சு. இரண்டுக்கும் அடிப்படையான இரகசியம் ஒன்றே.

அந்த இரகசியம் என்ன? சாயம் நேரே நூலைப் பற்றிக்கொள்வதில்லை. இருவரையும் சேர்த்து வைக்க ஒரு தரகர் வேண்டும். படிகாரமே அந்தத் தரகர். முதலில் துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் எழுதும் கோடு பரவாது. இரும்புத் துண்டுகளை வெல்லம் கலந்த நீரில் ஊற வைத்து எடுத்த கரைசலால் கோடு எழுதினால், கடுக்காயோடு சேர்ந்து அது கறுப்பாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். பிறகு இம்பூறல் என்னும் சாயவேரைப் போட்டுக் கொதிக்க வைத்த நீரில் துணி முழுவதையும் முக்குவார்கள். வெளியே எடுத்தால் துணி முழுதும் சிவந்திருக்கும். அலசி, வெயிலில் போட்டு, மீண்டும் அலசினால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். மற்ற இடத்தில் வெளுத்துவிடும். நீலம் வேண்டுமானால், நீலம் படக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரிச் சாயத் தொட்டியில் தோய்ப்பார்கள். மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் முறையை ஜாவாவில் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள், அதுவே பாத்தேக். நம் நாட்டில் கிளந்தானும் திரெங்கானுவும் அக்கலைக்குப் பேர்பெற்றவை.

இப்படிச் செய்த துணி துவைக்கத் துவைக்கப் பளிச்சிட்டது. ஐரோப்பியர் வியந்து போனார்கள். அரசகுமாரியும் உடுத்தினாள், வேலைக்காரியும் உடுத்தினாள். அங்கிருந்த நெசவாளர்களோ வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். பிரான்சு 1686-இல் சீட்டித் துணிக்குத் தடை போட்டது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1719-ஆம் ஆண்டில் நெசவாளர்கள் கலகம் செய்து, தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். 1721-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அச்சடித்த பருத்தித் துணி உடுத்துவதையே தடுத்துச் சட்டம் செய்தது. நம் சாயக்காரரின் கைத்திறனைக் கண்டு இரண்டு பேரரசுகள் அஞ்சின என்றால் அது மிகையாகாது.

இனித்தான் கதையின் வருந்தத்தக்க பகுதி வருகிறது. கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தென்னிந்தியாவில் இருந்தார். புதிதாகக் கிறிஸ்தவரான சாயக்காரர்களிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டறிந்து, கடுக்காய்ப் பாலிலிருந்து மெழுகு வரை எல்லாவற்றையும் 1742-இல் கடிதமாக எழுதிப் பாரிசுக்கு அனுப்பினார். அக்கடிதம் அச்சில் வெளிவந்தது. ஐரோப்பிய அச்சாலைகளுக்கு அது பாடப் புத்தகம் போல ஆயிற்று. பிரான்சின் தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், ஓபர்காம்ப் என்பவர் ஜூய் என்ற ஊரில் பெரிய துணி அச்சாலையைத் தொடங்கினார். 1783-இல் தாமஸ் பெல் என்பவர் செப்பு உருளையால் துணி அச்சிடும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். பல கைகள் நாள் முழுதும் செய்த வேலையை அந்த உருளை சுழன்று சுழன்று முடித்தது. 1868-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் இருவர் சாயவேரில் உள்ள சிவப்புப் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். 1897-இல் செயற்கை அவுரியும் விற்பனைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவர், கட்டை செதுக்கியவர், கோடு எழுதியவர் எல்லாரும் பிழைப்பு இழந்தனர். தொழில் சிதைந்த அந்த நூற்றாண்டில்தான் தமிழர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தனர். பஞ்சமும் கடனும் நிலமின்மையும் பலரைத் துரத்தின. தறியும் சாயத்தொட்டியும் ஓய்ந்ததும் அந்தத் துயரில் ஒரு பங்கு.

பாதிரியாருக்குச் சொல்லிக் கொடுத்த சாயக்காரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. எழுதியவரின் பெயர் நிற்கிறது. சொன்னவரின் பெயர் நிற்கவில்லை. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அறிந்ததைத் தாமே எழுதி வைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. நாம் நினைவில் கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

சரி, பிள்ளையின் டீ-சட்டைக்கு வருவோம். கடற்படை வீரர்கள் உள்ளே அணிந்த பருத்திப் பனியன்தான் பிறகு வெளிச்சட்டையாகி உலகெங்கும் பரவியது. அமெரிக்கக் கடற்படை 1913-இல் அதைச் சீருடையில் சேர்த்தது. இன்று தமிழ்நாட்டின் திருப்பூர் அத்தகைய பின்னலாடைகளைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. அதில் படம் பதிக்க உதவுவது திரை அச்சு. அதன் மூலம் அட்டையில் துளை வெட்டி மை தடவும் பழைய முறை. அம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. 'ண' என்ற எழுத்தை அட்டையில் வெட்டிப் பாருங்கள். சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிப்பின்றிக் கீழே விழுந்துவிடும். ஜப்பானியர்கள் அத்தகைய துண்டுகளை மெல்லிய பட்டு நூலால் கட்டி நிறுத்தினார்கள். நூலுக்குப் பதில் முழு வலைத்துணியையே பின்னால் ஒட்டினால் எந்தத் துண்டும் விழாதல்லவா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சாமுவேல் சைமன் என்பவர் 1907-இல் பட்டுத் திரை அச்சுக்கு உரிமம் பெற்றார். மான்செஸ்டர்தான் ஒரு காலத்தில் இயந்திரத் துணியால் நம் நெசவாளரை வீழ்த்திய நகரம். அங்கே உரிமம் பெற்ற முறை இன்று ஏழையின் வீட்டுத் திண்ணையிலும் செய்யக்கூடிய தொழிலாக இருக்கிறது.

அதைச் செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மரச்சட்டத்தில் மெல்லிய நைலான் வலைத்துணியை முரசுத் தோல் போல இறுக்கிக் கட்டுங்கள். படத்தை மெழுகுத் தாளில் வெட்டி வலையின் அடியில் ஒட்டுங்கள். படத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி வெட்ட வேண்டியதில்லை. புதிய பருத்திச் சட்டையானால் ஒரு முறை துவைத்துக் காய வைத்தபின், உள்ளே அட்டை ஒன்றைச் செருகுங்கள்; இல்லாவிட்டால் மை முதுகுப் பக்கமும் இறங்கும். துணிக்கென்று விற்கும் மையைச் சட்டத்தின் ஓரத்தில் ஊற்றி, ரப்பர் விளிம்புள்ள கட்டையால் ஒரே சீராக இழுங்கள். நம் பெற்றோர் பால் வெட்டிய மரத்தின் ரப்பர் இங்கேயும் உதவிக்கு வந்தது! பிறகு சட்டத்தை நேரே மேலே தூக்குங்கள்.

மை நன்றாகக் காய்ந்ததும், மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்து, நீராவியில்லாத சூடான இஸ்திரிப் பெட்டியால் சில நிமிடம் அழுத்தித் தேயுங்கள். எவ்வளவு நேரம் என்பது மைப் புட்டியிலேயே எழுதியிருக்கும். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. நாங்கள் அன்று விட்டுவிட்டது இந்தக் கடைசிப் படியைத்தான். படிகாரம் செய்த வேலையை இந்த மையில் சூடு செய்கிறது. புட்டியில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. புலியின் சாயம் வெளுத்துவிட்டது!

மறு ஆண்டு அந்தப் பாட்டியையே பள்ளிக்கு அழைத்தோம். அவர் முன்னிலையில் ஒரு சட்டையை அச்சிட்டு, சூடு வைத்து, ஆற வைத்துச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தோம். அவரே பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இப்ப நிக்குது" என்றார். எந்தப் பரிசோதகர் வந்து பாராட்டியபோதும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. இப்போது எங்கள் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்தத் துணி, எந்த மை, எத்தனை நிமிடச் சூடு, எத்தனை துவையல் தாங்கியது என்று தேதி போட்டு எழுதுகிறார்கள். கீழே தங்கள் பெயரையும் எழுதுகிறார்கள்.

நேயர்களே, ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. லயன் வீடுகளை விட்டுச் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. இடம் மாறும்போது மரத்தையும் மண்ணையும் தூக்கிச் செல்ல முடியாது; கைத்தொழிலைக் கொண்டு செல்லலாம். ஆனால் அரைகுறையாகக் கற்ற தொழில் முதல் துவையலிலேயே போய்விடும். கடைசிப் படி வரை கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். உங்கள் பாட்டிக்குத் தெரிந்ததையும் கேட்டு, அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.