வானம் பார்த்த பஞ்சாங்கம்

பழனிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயக்குடி. ஒரு காலத்தில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கி, இன்று கொய்யாத் தோப்புகளால் பெயர் பெற்றிருக்கும் ஊர். இங்கே நின்று மேற்கே நோக்கினால் தண்டபாணி குடிகொண்ட குன்று. தெற்கே நோக்கினால் வானளாவிய பழனி மலைத்தொடர். அத்தொடரின் மேல்தளத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோடைக்கானல் வானாய்வகம். முதற்குன்றுக்குத் தை மாதத்தில் காவடி ஏந்திய கூட்டம் நடந்து வருகிறது. மேலே உள்ள ஆய்வகத்திலோ 1904ஆம் ஆண்டு முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.

நம்பிக்கையும் அறிவியலும் தனித்தனி மலைகளில் குடியிருப்பதாகச் சொல்லிவிடுவது எளிது. ஆயின் தைப்பூசம் என்று என்பதைக் குறிப்பதும் வானமே. நிலவு பூச மீனை அடுத்து நிற்கும் நாளைக் கண்டறியாமல் காவடி புறப்படுவதில்லை. அந்நாளைக் கணிப்பவர் யார்? முன்னோர் எழுதி வைத்த வாய்பாட்டைப் பார்த்துக் கணிக்கிறாரா, தலைக்குமேல் உள்ள வானத்தைப் பார்த்துக் கணிக்கிறாரா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கேள்வி சென்னையில் ஒரு பஞ்சாங்கக் குடும்பத்தின் வாயிலில் வந்து நின்றது.

தமிழகத்தின் பழைய கணிதமுறைக்கு வாக்கியம் என்று பெயர். நிலவு புவியை அண்மித்தும் விலகியும் செல்லும் சுற்று ஒன்பது முறை நிறைவுற ஏறக்குறைய 248 நாள் ஆகும். அந்த 248 நாளுக்கும் நிலவின் இருப்பிடத்தை 248 சிறு சொற்றொடர்களாக, எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் அமைத்து, வரருசியின் பெயரால் வழங்கினர். சிறுவன் அதை மனப்பாடம் செய்தால் போதும். ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே நிலவைக் கணிக்கலாம். இதே 248 நாள் சுழற்சி பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும் காணப்படுவது அறிஞரை வியப்பில் ஆழ்த்திய செய்தி.

இம்முறையின் வலிமைக்கும் தளர்ச்சிக்கும் புதுச்சேரியே இரண்டு சான்றுகளைத் தருகிறது. வெள்ளி, சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண வந்து, 1769இல் மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல், அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாளின் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அத்தமிழர் சோழிகளைப் பரப்பிக் கணித்துக் காட்டியபோது பிழை 41 வினாடி. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணை எனப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணை தந்த பிழையோ 68 வினாடி. அறுபது ஆண்டு கழித்து, 1825இல், ஜான் வாரன் என்னும் அதிகாரி அதே புதுச்சேரியில் மற்றொரு பஞ்சாங்கக்காரரைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அவரும் சோழிகளையும் நினைவையும் மட்டுமே துணைக்கொண்டவர். இம்முறை தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. முதற்சான்றை மட்டும் மேடைகளில் முழங்குவோர் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. வாய்பாடு பழுதின்றி வாய்வழி வந்தது. ஆனால் அதன் அடிப்படை எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை. சிறு பிழைகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வந்தன.

அத்தகைய ஒரு பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளமையிலேயே நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய அவ்வாய்வகத்தில் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் ஒன்று உண்டு. அதில் தமிழிலும் கல்வெட்டுப் பொறித்திருந்தார்கள். அந்தத் தூண் நின்ற வளாகத்தில், நார்மன் போக்சன் இயக்குநராயிருந்த காலத்தில், ரகுநாதாச்சாரி முதல் உதவியாளராக உயர்ந்தார். விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தை இரவிரவாகக் குறித்து வைப்பதே அவர் தொழில். 1867இல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்று அது வழங்குகிறது. 1868இன் முழுச் சூரிய கிரகணத்தை நோக்க வனபர்த்திக்குச் சென்றார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இரவில் கருவி காட்டிய வானம் ஒன்று. பகலில் வீட்டுப் பஞ்சாங்கம் காட்டிய வானம் வேறொன்று. இந்நிலையில் இருவகை மனிதரைக் காண்பது வழக்கம். ஒருவர் வீட்டை விட்டுவிடுவார்; மற்றவர் அலுவலகத்தில் கண்டதை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார். ரகுநாதாச்சாரி இரண்டையும் செய்யவில்லை. கப்பலோட்டிகளுக்கென இங்கிலாந்தில் அச்சான நாட்டிகல் அல்மனாக்கின் எண்களை எடுத்து, அவற்றைத் திதியாகவும் நட்சத்திரமாகவும் யோகமாகவும் கரணமாகவும் மாற்றித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். திசையறிய மாலுமி வைத்திருந்த நூல், தந்தைக்குத் திதி கொடுக்கும் நாளைச் சொல்லத் தொடங்கியது!

இங்கே பணயமாக நின்றது சிறிய பொருள் அன்று. சூரியனிலிருந்து நிலவு விலகும் ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. அது முடியும் நேரம் சில மணி முன்பின் ஆனால், ஏகாதசி நோன்பு ஒரு நாள் மாறும். சிராத்தம் ஒரு நாள் மாறும். தவறான நாளில் இட்ட பிண்டம் முன்னோரைச் சேருமா என்ற அச்சத்தை, நம்பிக்கை இல்லாதவர் எள்ளி நகையாடலாம். நம்புகிறவனுக்கு அது உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. வாக்கியத்தார் எழுப்பிய தடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. திதியின் அளவு 60 நாழிகை. அது 5 நாழிகைக்கு மேல் வளராது, 6 நாழிகைக்கு மேல் தேயாது என்பது வழிவழி வந்த வரையறை. தரும நூல்களின் விதிகளெல்லாம் அதனை ஒட்டியே அமைந்தவை என்பது அவர்கள் வாதம். மெய்யான வானத்திலோ ஒரு திதி 50 நாழிகை அளவுக்குக் குறுகுவதும் உண்டு. அப்படியானால், கண்ணால் கண்ட நிலவுக்கு ஏற்ப விதியை மாற்றுவதா? விதிக்கு ஏற்ற நிலவை ஏட்டில் வைத்துக்கொள்வதா? சடங்கு, சடங்கை வகுத்தவர் கொண்ட கணக்கின்படியே நடக்கவேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எனினும் திருத்தம் என்பது வெள்ளையரிடம் கடன் வாங்கிய கருத்தன்று. கணித மாறிலிகள் காலத்தால் பிசகும், அவற்றுக்குப் ‘பீஜ சம்ஸ்காரம்’ செய்யவேண்டும் என்பது சித்தாந்த மரபே ஒப்புக்கொண்ட செய்தி. கேரளத்தில் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, பழைய எண்களைத் திருத்தி 1431இல் இயற்றிய நூலின் பெயரே ‘திருக்கணிதம்’; கண்ணால் கண்டதோடு ஒத்த கணிதம் என்று பொருள். அவர் மகன் தாமோதரர் வழியாக அக்கல்வி நீலகண்ட சோமயாஜியைச் சென்றடைந்தது. ஆகவே ரகுநாதாச்சாரி தம் பஞ்சாங்கத்திற்கு இட்ட பெயர் நானூறு ஆண்டுப் பழமையுடையது. நாட்டிகல் அல்மனாக்கைச் சார்ந்த பஞ்சாங்கத்திற்கு அந்தப் பெயரையே தேர்ந்தது, மரபின் உள்ளிருந்தே பேச விரும்பிய ஒருவரின் செயல் எனலாம்.

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்க இருந்தது. அதனை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய நூல் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. சித்தாந்தி ஒருவரோடு மற்றவர்கள் உரையாடுவதாக அதனை அமைத்தார். வெள்ளி சூரியனைக் கவ்வும் கிரகணம் என்று அதற்குப் பெயரிட்டதும் நோக்கத்தக்கது. புதிய செய்தியைப் பழைய சொல்லில் ஏற்றிவிட்டார். கேட்பவர் தம் பாட்டனார் அறியாத ஒன்றைப் பாட்டனார் மொழியிலேயே கேட்டனர். அதே ஆண்டு, இந்தியர் தம் முயற்சியால் ஒரு வானாய்வகம் நிறுவ வேண்டும் என்றும் சென்னையில் பேசினார். அது நடக்கவில்லை. 1880 பிப்ரவரியில் அவர் காலமானார். பஞ்சாங்கம் நிற்கவில்லை, அவர் குடும்பத்தார் அதனைத் தொடர்ந்து வெளியிட்டனர். இலண்டன் கழகம் அவருக்கு அளித்த உறுப்பினர் பட்டத்தைவிட, அடுத்த தலைமுறை வானத்தைப் பார்த்துத் திதி குறித்ததே அவர் பெற்ற பெரிய வெற்றி என்று கருத இடமுண்டு.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம், சூரியனின் மாற்றங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை ஆட்சியாளர் முன் வைத்தது. சூரியனை ஆராய மலையுச்சி தேவைப்பட்டது. மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுக் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் சென்னையின் வானியற்பணி மலையேறியது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு புறநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது அங்கேதான். ரகுநாதாச்சாரி பணியாற்றிய ஆய்வகத்தின் வாரிசு, இவ்வாறு, பழனியாண்டவனின் மலைத்தொடரிலேயே வந்து அமர்ந்தது.

வாக்கியம் தோற்றுவிட்டதா என்றால், இல்லை. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு தந்த தேசியச் சக நாட்காட்டி 1957இல் நடைமுறைக்கு வந்தது; தமிழகக் கோயில்கள் பலவற்றில் வாக்கியமே நின்றது. திருக்கணிதப்படி 2020 ஜனவரியில் மகரம் புகுந்த சனி, திருநள்ளாற்றில் அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாளே புகுந்தார். பதினொரு மாத இடைவெளி! ஆனால் கிரகணம் என்று வரும்போது வாக்கியத்தாரும் திருக்கணித நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும் ஒன்றில் ஏட்டைக் காட்டித் தப்ப முடியாதன்றோ?

இந்த உடன்பாடின்மை ஒரே வீட்டுக்குள், தந்தைக்கும் மகனுக்கும் இடையே, எழுந்தபோது என்ன ஆயிற்று என்பதற்குச் சான்று மைசூரில் வாழ்ந்த ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் கிடைக்கிறது. மகன், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. இராமானுசன். தந்தை கிருஷ்ணசாமி கணிதப் பேராசிரியர். வானியலும் வல்லவர், சோதிடமும் வல்லவர். வேட்டிக்கு மேல் ஆங்கிலக் கோட்டு அணிபவர். நீராடிக் கீதை ஓதுவார். அதே ஈடுபாட்டுடன் பெர்ட்ரண்டு ரசலைப் பற்றியும் பேசுவார். வெளிநாட்டுக் கணித அறிஞரும் உள்ளூர்ச் சோதிடரும் அவ்வீட்டின் ஒரே கூடத்திற்கு வந்து போயினர். ரசலைப் படித்து அறிவியல் மனப்பான்மைக்கு அப்போதுதான் மாறியிருந்த மகனுக்கு இது பொறுக்கவில்லை. நெப்டியூனும் புளூட்டோவும் கண்டறியப்பட்ட பின்னும் ஒன்பது கோள் வைத்துச் சாதகம் கணிப்பது எப்படி என்று மடக்கினார். வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்பது தந்தையின் விடை. கீதையும் ரசலும் ஒரு தலைக்குள் எப்படி என்றதற்கு, மூளைக்கு இரண்டு பாதி உண்டென்பது தெரியாதா என்று சிரித்தார்.

இவ்விடை ரகுநாதாச்சாரியின் வழியில் பாதி தூரமே செல்கிறது. திருத்தம் என்ற சொல் ஒன்றே. ஆனால் அவர் திருத்தியது தொலைநோக்கியில் சரிபார்க்கத்தக்க நிலவின் இருப்பிடத்தை. சாதக பலனுக்கு அத்தகைய சரிபார்ப்பு ஏது? மகனின் மனம் அடங்காததில் வியப்பில்லை. அடங்காத அக்கேள்வியை அவர் நாற்பதாண்டுக்குமேல் சுமந்தார். இந்தியச் சிந்தனைமுறை என்று ஒன்று உண்டா என்று வினவி 1989இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையைத் தந்தையின் அந்தச் சித்திரத்திலிருந்தே வளர்த்தார். அதற்கு எட்டாண்டு முன்னரே, 1981இல், நம்மாழ்வாரின் பாசுரங்களை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார்.