‘எட்டு’ என்று அடித்தால் ‘எடு’ என்று வருகிறதா? பழைய பாணி மெக்கானிக்கல் கீபோர்டுக்கு மாறுவது பற்றி ஒரு விளக்கம்

தடாவில் ஒரு லாரி ஆபீஸில் நீங்கள் பில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. தேசிய நெடுஞ்சாலை 16-ல் தெற்கே கொஞ்சம் போனால் ஆரம்பாக்கம், அது தமிழ்நாடு. பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. சரக்கு எல்லை தாண்ட ஈ-வே பில் வேண்டும். அதில் 100 என்று அடிக்கிறீர்கள். பூஜ்யம் ஒருமுறைதான் விழுகிறது. நீங்கள் கவனிக்கவில்லை.

ஒருமுறை உருவாக்கிய ஈ-வே பில்லில் சரக்கு விவரத்தைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். வண்டி எண்ணை மட்டும் பிறகு மாற்றலாம். அதுவரை லாரி நிற்கும், டிரைவர் உங்களைத் திட்டுவார். தப்பு உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. சில நூறு ரூபாய் கீபோர்டின் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

சாதாரண கீபோர்டுக்குள் என்ன இருக்கிறது?

பிரித்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின் மேல் மின்சாரம் ஓடும் கோடுகள், மேலே குமிழ் குமிழாக ஒரு ரப்பர் விரிப்பு. கீயை அழுத்தினால் குமிழ் அமுங்கி, மேல் தாள் கீழ்த் தாளைத் தொடும். அவ்வளவுதான். பொதுவாகக் கீயை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். குமிழ் தளர்ந்தாலோ அழுக்கு சேர்ந்தாலோ லேசான அடி பதிவாகாது. ஒரு கோடு அரித்துப்போனால் பல கீகள் சேர்ந்தே போய்விடும். சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம், தூக்கிப்போட வேண்டியதுதான்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்றைய பெரும்பாலான ஸ்விட்ச்களுக்கு மாதிரி. கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் ஏறக்குறைய பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடும். நீல ஸ்விட்ச் ‘டிக்’ என்று சத்தம் போட்டுச் சொல்லும். பழுப்பு, விரலுக்கு மட்டும் ஒரு சின்ன முட்டலாகத் தெரியும். சிவப்பு ஒன்றுமே சொல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இதற்கெல்லாம் மூத்த அண்ணன் ஐபிஎம்மின் ‘மாடல் எம்’. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் லெக்சிங்டனில் தயாரானது. அழுத்தும்போது உள்ளே சுருள் கம்பி பக்கவாட்டில் மடங்கி ஒரு பட்டையைத் தட்டும். அன்று செய்த கீபோர்டுகளில் இன்றும் ஓடுபவை உண்டு. 1996 முதல் யூனிகாம்ப் என்ற நிறுவனம் அதே பாணியில் தயாரிக்கிறது.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்தது சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’. வங்கி கவுன்டரில் நிற்கும்போது கேட்ட அந்த டக் டக் சத்தம் ஞாபகம் இருக்கா? பெரும்பாலும் இதுதான். பிறகு வந்த ‘கோல்டு பாரத்’ கீபோர்டில் ரூபாய் குறியும் உண்டு.

5 கோடி அடி என்றால் எத்தனை வருஷம்?

பெட்டியில் போடும் எண் மொத்த கீபோர்டுக்கு அல்ல, ஒரு கீக்கு. ரப்பர் வகைக்கு 50 லட்சம் முதல் 1 கோடி வரை சொல்வார்கள், நீல ஸ்விட்சுக்கு 5 கோடி. ஒரு கணக்குப் போடலாம். மணிக்கு 6,000 அடி, நாளுக்கு 6 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்: மொத்தம் 1.08 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே கீயில் விழுகிறது என்று வைத்தால் 10.8 லட்சம். 50 லட்சம் என்றால் நாலரை வருஷம். 5 கோடி என்றால் 46 வருஷம்.

இந்த 46-ஐ நான் நம்பவில்லை. ஆய்வக இயந்திரம் ஒரே சீராகத் தட்டி எடுத்த எண் அது. அங்கே புலிக்காட் ஏரிப் பக்கத்து உப்புக் காற்று கிடையாது, நெடுஞ்சாலைத் தூசி கிடையாது, டீ கொட்டும் சக ஊழியரும் கிடையாது. மெக்கானிக்கல் என்றால் தண்ணீர் புகாது என்றும் நினைக்க வேண்டாம். உண்மையான லாபம் வேறு: ஒரு ஸ்விட்ச் போனால் அதை மட்டும் மாற்றலாம். பற்றவைத்த இரண்டு கால்களை எடுத்துவிட்டுப் புதிதை வைக்க வேண்டும். செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்கு அது சின்ன வேலை.

தமிழில் அடிப்பவர்களுக்கு என்ன வித்தியாசம்?

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில், ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். எ, ட, ட, உ என்று அடித்தால் ‘எட்டு’. ஒரு ட பதிவாகவில்லை என்றால் ‘எடு’. ‘வீட்டு வரி’ அப்படியே ‘வீடு வரி’ ஆகிவிடும். எல்லாமே சரியான சொல் என்பதால் பிழைதிருத்தி வாயைத் திறக்காது. தேய்ந்த ரப்பர் கீபோர்டின் நோய் இது.

மெக்கானிக்கலுக்கு நேர் எதிர் நோய். ஸ்விட்சின் உலோகத் தொடுமுனை அழுக்கானால் ஒரு அடி இரண்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இரண்டு நிற்கும், கண்ணில் பட்டுவிடும். தமிழ்99-ல் ‘படு’ ஒழுங்காகப் ‘பட்டு’ ஆகி உட்கார்ந்திருக்கும். மனுவிலோ ஒப்பந்தத்திலோ இது விளையாட்டு இல்லை.

தடா மாதிரி இருமொழி ஊரில் இன்ஸ்கிரிப்ட் முறைக்கு ஒரு வசதி உண்டு. தெலுங்கில் க விழும் கீயில்தான் தமிழிலும் க விழும், ப, த, ர எல்லாம் அப்படியே. ஒன்றைப் பழகினால் மற்றது பாதி வந்துவிடும். ஆனால் தமிழில் ன, ண, ற, ள, ழ ஐந்துக்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்குமே சுண்டுவிரல்தான் உழைக்கிறது. நாள் முழுக்கத் தமிழ் அடிப்பவருக்குத் தமிழ்99 என்பதே என் தேர்வு. அதில் ஷிஃப்ட் கிரந்த எழுத்துகளுக்குத்தான் தேவை. எந்த முறையானாலும் மொழி கணினியில்தான் இருக்கிறது. தமிழ் அச்சிட்ட கீபோர்டைத் தேடி அலைய வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்?

நாளுக்கு நாலு மின்னஞ்சல் அடிப்பவருக்கு வேண்டாம். குழந்தை தூங்கும் அறையில் வேலை பார்ப்பவருக்கு நீல ஸ்விட்ச் வேண்டவே வேண்டாம், பழுப்போ சிவப்போ பாருங்கள். கைவலி போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் அதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். இவை உயரமானவை, மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். பின்பக்கக் கால்களை மடக்கி வைத்தால் கொஞ்சம் தேவலை. தட்டச்சு நிலையத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருக்கும்: ஓங்கி அடிப்பது. இங்கே பாதி அழுத்தமே போதும், அது கைவர எனக்கு மூன்று வாரம் ஆனது.

வாங்கும்போது

விலை சில ஆயிரம் வரும். பெட்டியில் ‘மெக்கானிக்கல்’ என்று இருந்தால் போதாது, ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று எழுதி ரப்பரையே விற்கிறார்கள். ஸ்விட்ச் யாருடையது, என்ன நிறம் என்று கேளுங்கள். ஒரே மாடலிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு ஸ்விட்ச் மாறலாம். பழைய கீபோர்டு வாங்கினால் முனை யுஎஸ்பியா, வட்டமான பிஎஸ்/2-வா பாருங்கள். பிஎஸ்/2 என்றால் சாதாரண மாற்றி சில சமயம் வேலை செய்யாது, உள்ளே சிப் உள்ள மாற்றி தேவைப்படும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் இருபது முறை தட்டி, விழுந்த எழுத்துகளை எண்ணுங்கள். பத்தொன்பது வந்தாலும் இருபத்தொன்று வந்தாலும் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் கடைக்குப் போய்விடுங்கள்.