பழைய பாவும் புதிய பாவும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறிக் குடோன். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதி, ஓடி முடியும் நாளில் தறியை நிறுத்திவிட்டுப் பாவு பிணைக்க ஆள் வருவார். மீதமிருக்கும் பழைய பாவை யாரும் உருவி எறிந்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்தது கோத்தபடி, ஒரு முழம் வால் விட்டு வைத்திருப்பார்கள். பிணைப்பவர் தறிக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து விரலால் ஒரு முறுக்கு முறுக்குவார். மூவாயிரம் இழையும் முடிந்த பிறகு மெல்ல முன்னால் இழுத்தால், புதிய இழைகள் பழையவற்றின் பின்னாலேயே தத்தம் கண்ணுக்குள் நுழைந்து வந்துவிடும். வாலை அவசரப்பட்டு அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் புதிதாகக் கோக்க வேண்டும். தறி அத்தனை நேரமும் சும்மா நிற்கும்.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாற்றுவதும் இந்த வேலைதான். அது எனக்குப் புரியப் பதினோரு வருஷம் ஆயிற்று.

சாமளாபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2001இல். அப்போது எங்கள் ஊர் கோவை மாவட்டம். திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல்தான். கல்யாணத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருந்தேன். கைத்தொழிலை விட வேண்டாம் என்று வீட்டுக்காரர் கோவை காந்திபுரத்திலிருந்து ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்தார். விண்டோஸ் 98, 64 எம்.பி. நினைவகம், 4 ஜி.பி. வன்தட்டு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதில் அடித்தேன். பக்கத்துத் தறிக்காரர்களுக்கு மாதக் கணக்கு போட்டேன். எந்தப் பாவு எத்தனை மீட்டர் ஓடியது, கூலி எவ்வளவு, ஏற்கெனவே வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஏறின.

விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 அக்டோபரில் வெளிவந்தது. எங்கள் பக்கம் அது பரவ மூன்று வருஷம் பிடித்தது. பழைய பெட்டிகளின் நினைவகம் அதற்குப் போதவில்லை. 2004இல் புதிய போர்டும் 256 எம்.பி. நினைவகமும் வாங்கினோம். எக்ஸ்.பி. போட வந்த தம்பி நல்ல பையன். "அக்கா, உங்க பைலெல்லாம் டி டிரைவ்ல போட்டுட்டனுங்க. சி-ய மட்டும்தான் பார்மட் அடிக்கறேன்" என்றான். பயமில்லை என்று நானும் டீ போடப் போனேன். எழுத்துருக்கள் இருப்பது சி டிரைவில், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் போல்டரில் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் பத்திரிகை ப்ரூப் பார்க்க அடுத்த வீதிப் பெரியவர் வந்தார். பைலைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரை நிறையக் கிடந்தது. "ஏனம்மிணி, எங்க குலத்துப் பேரெல்லாம் என்னாச்சு?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. விரல்கள் தாமாக மேஜைமேல் அந்த இடங்களைத் தொட்டன. ஜே இருக்கும் இடத்தில் த. கே இருக்கும் இடத்தில் ம. பி-யில் இகரக் கொம்பு. ஓ-வில் ழ. அரைப்புள்ளியில் மெய்யின் புள்ளி. சேர்த்துப் பார்த்தால் 'தமிழ்'. நான் அடித்தது பாமினி வகை எழுத்துரு. அது தட்டச்சுப் பலகையின் வரிசையிலேயே அமைந்தது. கண்ணால் படிக்க முடியாததை, இன்ஸ்டிட்யூட்டில் மாதக்கணக்காகத் தட்டிப் பழகிய விரலால் படித்தேன். மணமகன் பெயர் வந்தது, குலம் வந்தது, முகூர்த்த நேரம் வந்தது. காலையில் சோமனூரில் ஓர் அச்சுக் கடையில் எழுத்துருவைப் பிளாப்பியில் வாங்கி வந்து போட்டதும் பத்திரிகை உயிர் பெற்றது.

ஏன் அப்படி ஆயிற்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் கணினியிடம் பொய் சொல்லியே வேலை வாங்கின. கணினி தன் வன்தட்டில் சேமித்தது ஆங்கில ஜே-வைத்தான். எழுத்துரு அந்த ஜே-வின் மேல் த-வின் படத்தைப் போர்த்திக் காட்டியது. போர்வை போனால் ஜே. போதாததற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது. ஒருவர் அடித்ததை மற்றவர் திறக்க முடியாது. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. டாம், டாப் என்ற எழுத்துருத் தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அதிலிருந்து வந்தவை. அதற்கும் முன்பே, 1991இல் வெளியான யூனிகோடு தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்தது. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்த இடம் அது. யூனிகோடில் அடித்த த எந்தக் கணினிக்குப் போனாலும் த தான். எழுத்துரு மாறினால் சாயல் மாறும், எழுத்து மாறாது.

ஆனால் எங்கள் ஊரில் அது அப்போது யாருக்கும் எட்டவில்லை. எக்ஸ்.பி.யிலேயே யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் இருந்தன. அவற்றை எழுப்ப கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகள் பகுதியில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் எக்ஸ்.பி. சிடியைப் போடு என்று கேட்கும். சிடியோ போட்டுக் கொடுத்தவரோடு போயிருக்கும். ஒரு டிக்குக்காகத் தமிழ் வருஷக்கணக்காகக் காத்திருந்தது.

அந்த 2004இல் திரும்பி வராதது ஒன்று உண்டு. எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலர், 48 பக்கம். தாத்தா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்தது. எந்தக் குடும்பம் எந்தக் காட்டிலிருந்து பிரிந்து எந்த ஊருக்குப் போனது, கோயில் கிணறு யார் காலத்தில் வெட்டியது என்று அவர் நினைவில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. அதை நான் செய்தது வேறொரு மென்பொருளில். கணினியின் பின்புறம் ஒரு டாங்கிள் செருகினால்தான் அது திறக்கும். புதிய போர்டும் எக்ஸ்.பி.யும் அந்த டாங்கிளை ஏற்கவில்லை. பைல் இன்றும் சிடியில் இருக்கிறது, திறக்க வழியில்லை. அச்சான பிரதி ஒன்று மட்டும் கறையான் தின்ற ஓரத்தோடு என்னிடம் இருக்கிறது. தாத்தா இல்லை.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கருமத்தம்பட்டி போய் அவிநாசி ரோட்டில் பஸ் ஏறினால் மாநாடு நடந்த கொடிசியா வளாகம். மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த மாதமே யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் அரசு அலுவல்களுக்கான தரமாகத் தமிழக அரசு அறிவித்தது. எனக்கு அந்த அறிவிப்பு ஒரு கட்டளை போலப் பட்டது. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்.எச்.எம். கன்வெர்ட்டரில் என் பாமினி பைல்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பித்தேன். சிக்கல் இல்லாமல் இல்லை. பத்திரிகையில் நடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்த மாப்பிள்ளையின் படிப்பும் கம்பெனிப் பெயரும் தமிழெழுத்துக் குப்பையாக மாறிவிடும். அவற்றைத் தேடித் தேடித் திருத்த வேண்டும். ராத்திரி ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டதில் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அது முடிந்த கையோடு 2012இல் விண்டோஸ் 7 போட்டேன். 2009இலேயே வந்துவிட்ட அதற்கு எக்ஸ்.பி.யிலிருந்து நேராக ஏற வழி கிடையாது. புதிதாகத்தான் போட வேண்டும். இந்த முறை நான் டீ போடப் போகவில்லை. நீள நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே செய்தேன். முதலில் எழுத்துருக்கள், பிறகு பைல்கள், பிறகு டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா போல்டர், பிறகு பிரிண்டர், போர்டு டிரைவர் சிடிகள். பழைய தறிக்கணக்கு பாக்ஸ்ப்ரோவில் இருந்தது. 64 பிட் விண்டோஸ் அந்தப் பழைய 16 பிட் மென்பொருளை ஓட்டாது என்று தெரிந்து 32 பிட்டையே தேர்ந்தெடுத்தேன். எல்லாவற்றையும் இரண்டு டிவிடியில் எழுதி, ஒன்றை அக்கா வீட்டுக் கணினியில் திறந்தும் பார்த்தேன்.

ஆனால் அந்த வருஷம் பெரிய பயம் கரண்ட். சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு. ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. தறிச்சத்தம் எப்போது நிற்கும், எப்போது எழும் என்பதே ஊரின் கடிகாரம். என் யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும். விண்டோஸ் போடும்போது பாதியில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. ஒரு வாரம் கரண்ட் போகும் வரும் நேரத்தைக் காலண்டர் தாளில் குறித்தேன். எங்கள் பகுதிக்கு விடியற்காலை மூன்று மணி கொஞ்சம் நம்பகமாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்து போட்டேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்த சத்தம்தான் கரண்ட் இருக்கிறது என்ற தைரியம். முடிந்ததும் முதலில் திறந்தது பழைய பத்திரிகை ஒன்றை. ஓர் எழுத்தும் உதிரவில்லை. பாவு பிணைத்து இழுத்தது போல எல்லா இழையும் தன் கண்ணில் வந்து நின்றது.

2011 செப்டம்பரில் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி தர ஆரம்பித்ததும் எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. விண்டோஸோடு நம் நாட்டு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கொஞ்ச நாளில் வேகம் போதவில்லை என்று பலரும் பார்மட் அடித்தார்கள். பிள்ளைகளின் புராஜெக்டும், கைக்குழந்தை போட்டோக்களும், வீட்டுக் கணக்கும் அதோடு போயின. 'பேக்கப் எடுத்தீங்களா' என்று கேட்க அந்த வீடுகளில் ஆள் இல்லை.

விண்டோஸ் 10, 2015 ஜூலையில் வந்தது. ஒரு வருஷத்துக்கு இலவசம். எனக்கு மாதம் 2 ஜி.பி. டேட்டா, தரவிறக்கமோ 3 ஜி.பி. அளவு. திருப்பூரில் தம்பி வீட்டு இணைப்பில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். மாற்றாமலே இருந்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு 2017 மே மாதம் பதில் சொன்னது. வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பழைய, திருத்தம் போடாத விண்டோஸ்களைப் பூட்டிப் பணம் கேட்டது. திருமலை தேவஸ்தானக் கணினிகள் சிலவும் மாட்டின. எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றிருந்தது. அதே 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. தொடங்கியது, பில்லும் கணக்கும் கணினிக்குள் வந்தே ஆக வேண்டியதாயிற்று. பழைய விண்டோஸில் தறிக்காரரின் பிழைப்பையே வைத்திருப்பது சரியில்லை.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் நீட்டித்திருக்கிறார்கள். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. புதிய பெட்டி வாங்கினேன். பழையதில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பேத்திக்குக் கொடுத்தேன். என் யூனிகோடு பைல்கள் இரண்டிலும் திறந்தன.

இப்போதும் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறேன். முதல் நாள் நோட்டில் பட்டியல்: பைல்கள், எழுத்துருக்கள், பாஸ்வேர்டுகள், வன்தட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி எண். இரண்டாம் நாள் இரண்டு பிரதி, ஒன்று வீட்டில், ஒன்று வெளியே. டாலி டேட்டாவைப் புதிய பதிப்பு மாற்றிவிட்டால் பழையதில் திறக்காது. அதனால் மாற்றுவதற்கு முன்னுள்ள பிரதி தனியாக இருக்கும். மூன்றாம் நாள் அந்தப் பிரதிகளை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் மாற்றும் வேலை. ஏற்கெனவே இருக்கும் விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றினால், பழையதை ஒரு போல்டரில் 10 நாள் வைத்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். அந்தப் பத்து நாளும் எதையும் அழிக்காதீர்கள். பாவின் வால் அது.

இதைப் படிக்கும் நீங்கள் புதிய விண்டோஸ் போடும் முன் ஒன்று செய்யுங்கள். பரணிலும் பீரோவிலும் கிடக்கும் பழைய சிடிகளையும் பென்டிரைவ்களையும் எடுத்துத் திறந்து பாருங்கள். ஊர்க் கோயில் மலரோ, அப்பா எழுதிய கணக்கோ, பள்ளி ஆண்டு மலரோ பழைய எழுத்துருவில் இருந்தால், அதைத் திறக்கும் கணினி ஓடும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எனக்கு 48 பக்கம் போனது. உங்களுக்குப் போக வேண்டாம்.