கிழமையும் கோளும்: புளாரன்சு அச்சோவியங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஞாயிறு முதலாகக் கிழமைகள் ஏழும் கோள்களின் பெயர் பெற்றமை யாவரும் அறிந்ததே. ஆயின் அவை நிற்கும் முறை, பண்டையோர் கருதிய தொலைவு முறையன்று. சேய்மையிலிருந்து எண்ணின் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரும். இவ்வரிசையில் ஓரைக்கு ஒரு கோளாகத் தலைமை பூணும் என்பது பண்டைச் சோதிடர் கொள்கை. சனியின் ஓரையில் தொடங்கும் நாளில் 24 ஓரைகளையும் எண்ணி முடிப்பின், மறுநாளின் முதல் ஓரை ஞாயிற்றுக்கும், அதன் மறுநாள் திங்களுக்கும் உரியதாகும். முதல் ஓரைக்குரிய கோளே நாளுக்குப் பெயர் தந்தது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தில் கோள்களை நிரல்படுத்தியதும் இக்கிழமை முறையிலேயே.

இக்கணக்கு மேனாட்டு ஓவியத்தில் பெற்ற இடத்தை ஈண்டு நோக்குவோம். 1460-களில் இத்தாலியின் புளாரன்சு நகரில் கோள்களைப் பற்றிய ஏழு செப்புத்தட்டு அச்சோவியங்கள் தோன்றின. அவை பாச்சியோ பால்தினி என்னும் பொற்கொல்லர் படைத்தன என்பர் ஆய்வாளர். ஒவ்வொன்றிலும் மேலே கோள் தேரூர்ந்து செல்லும். கீழே அதன் ஆட்சியிற் பிறந்த 'மக்கள்' தத்தம் தொழில் புரிவர். அடியிற் பொறித்த உரை, கோளின் இயல்பையும் அதற்குரிய கிழமையையும் கூறி, அந்நாளில் 1, 8, 15, 22 ஆகிய ஓரைகள் அதற்குரியன என வரையறுக்கின்றது. எனவே இவை வெறும் அணிகலன் அல்ல, காலக்கணக்கின் விளக்கமுமாம்.

இவற்றுள் புதன் படம் தனித்து ஆராயற்பாலது. நகரத் தெருவொன்றில் பொற்கொல்லர் கடை உளது. சிற்பி கல் செதுக்குகின்றான். ஓவியன் சுவரில் வண்ணம் தீட்டுகின்றான். நூலோர் வான்கோளம் கொண்டு ஆராய்கின்றனர். இடைக்கால ஐரோப்பாவில் ஓவியமும் சிற்பமும் கைத்தொழில்களாகவே எண்ணப்பெற்றன. இலக்கணம், வானநூல் முதலிய எழுகலை வரிசையில் அவற்றிற்கு இடமில்லை. புதனின் மக்கள் பற்றிய பட்டியல் மரபுவழி வந்ததே. எனினும் ஓவியனையும் நூலோனையும் ஒரே தெருவில் நிறுத்திய இப்படம், கலைஞன் வேண்டிய மதிப்பைச் சோதிடத்தின் வாயிலாகவே கோரிற்று எனலாம்.

ஆயின் புதன் உயர்த்தியதைச் சனி தாழ்த்திற்று. சனியின் படத்தில் உழவரும் துறவியரும் தளையுண்ட கைதிகளும் ஒருங்கே காணப்பெறுவர். உலகிற்கு உணவளிப்போனும் சிறைப்பட்டோனும் ஒரு கோளின் மக்களாயினர். பிறந்த வேளையே தொழிலையும் இழிவையும் வகுக்கும் எனின், முயற்சிக்கு இடமேது? 1494-இல் மறைந்த பிக்கோ தெல்லா மிராந்தோலா, வருவதுரைக்கும் சோதிடத்தை மறுத்து எழுதிய பெருநூல் இவ்வினாவின் வலிமையை உணர்த்தும்.

ஓவியர் கோள்களைக் கைவிட்டாரல்லர். அவற்றின் தலைமையையே மாற்றினர். உரோமை நகரின் சாந்தா மரியா தெல் போப்பொலோ கோயிலில், இராபேல் வரைந்த திட்டப்படி 1516-இல் அமைந்த குவிமாட வண்ணக்கல் ஓவியத்தில், கோள்தோறும் ஒரு வானவன் நிற்க, நடுவில் இறைவன் அவற்றை ஆள்கின்றான். அடியார்க்குக் கோள்கள் நல்லனவே என்ற சம்பந்தர் துணிவும் இத்தகையதே. தம்முள் தொடர்பிலா இவ்விரு மரபுகளும் கிழமைக் கோள்களை ஏற்றுக்கொண்டு, அவற்றின் ஆணையை மட்டும் மறுத்தன என்பது கருதற்பாலது.