விவாகரத்து ஆனா பி.எஃப். பணத்துல பங்கு உண்டா? கோர்ட் என்ன செய்யும், செலவு யாருக்கு? முழு விவரம்

வீடு, நகை, குழந்தைகள். விவாகரத்து என்றதும் பேச்சு இதில்தான் தொடங்கும். ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் பலரிடம் இருக்கும் பெரிய சேமிப்பே பி.எஃப். கணக்குதான். "அவரோட பி.எஃப்.ல எனக்குப் பாதி வருமா?" என்று கேட்டால், நேரடிப் பதில்: கணக்கை இரண்டாகப் பிரிக்க நம் நாட்டில் வழி இல்லை. அதற்காக அந்தப் பணத்தை விட்டுவிட வேண்டியதும் இல்லை. எப்படி?

ஏன் பிரிக்க முடியாது?

வேலையை விட்டு வரும்போது கையில் காசு இருக்க வேண்டும் என்பதற்காக ஓய்வுக்காலப் பணத்துக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. எந்த நீதிமன்ற உத்தரவாலும் பி.எஃப். தொகையை ஜப்தி செய்ய முடியாது என்றது 1952-ம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் 10-வது பிரிவு. பணிக்கொடைக்கு 1972-ம் ஆண்டு சட்டம் இதே காப்பைக் கொடுத்தது. அரசு ஊழியர்களின் ஜி.பி.எஃப்., பொதுமக்களின் பி.பி.எஃப். ஆகியவற்றுக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் பாதுகாப்பு உண்டு.

இன்னொன்றும் முக்கியம். கணவன், மனைவி சேர்த்த சொத்தை ஆளுக்குப் பாதி என்று பிரிக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ, அவருடையதுதான்.

அப்படீன்னா மனைவிக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது, இருவரின் வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். அந்தக் கணக்கில் பி.எஃப். இருப்பையும் வைத்து வாதாடலாம். அதாவது, கணக்கில் கை வைக்க முடியாது. ஆனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். இது கணவன், மனைவி இருவருக்கும் பொது. வேலைக்குப் போகும் மனைவியின் பி.எஃப்.பும் இதில் வரும். மற்ற மதத்தினருக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

வருமானத்தை மறைத்தால்? ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த விவரத்தில் பி.எஃப். இல்லையென்றால், கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்யச் சொல்லி வழக்கறிஞர் மூலம் மனு போடலாம்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணக்கில் வருமா என்ற கேள்விக்கு, 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், இல்லத்தரசியாக இருந்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்பதே அது. அந்த வழக்கு சொத்து பற்றியது, பி.எஃப். பற்றியது அல்ல. ஆனாலும் வாதத்துக்கு வலு சேர்க்கும்.

உண்மையான செலவு எங்கே இருக்கு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மனைவி தொட்டியத்தில், கணவர் திருச்சியில் ஒரு ஆலையில் வேலை என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். இருப்பு ரூ.12 லட்சம். அதில் கல்யாணத்துக்கு முன் சேர்ந்ததும் அதன் வட்டியும் ரூ.2 லட்சம். மீதி ரூ.10 லட்சத்தில் பாதியான ரூ.5 லட்சத்தை மனைவிக்குக் கொடுக்க இருவரும் பேசி முடிக்கிறார்கள். கணவர் ஓய்வு பெற இன்னும் 15 ஆண்டு.

• கணவர் இப்போதே பி.எஃப்.பில் இருந்து ரூ.5 லட்சம் எடுத்துக் கொடுத்தால்: 2024-25-க்கான 8.25% வட்டியே தொடர்ந்தாலும், அந்தப் பணம் 15 ஆண்டில் சுமார் ரூ.16.4 லட்சம் ஆகியிருக்கும். அவருக்கு அத்தனையும் போச்சு.

• "ரிட்டயர் ஆனதும் ரூ.5 லட்சம் தர்றேன்" என்பதை மனைவி ஒப்புக்கொண்டால்: அதே வட்டிக் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு சுமார் ரூ.1.5 லட்சம்தான். இங்கே நஷ்டம் மனைவிக்கு.

அதனால் "எவ்வளவு" என்பதோடு "எப்போது" என்பதும் பேச்சில் இருக்க வேண்டும். தள்ளித் தருவதென்றால் வட்டியும் சேர்த்துத்தான் தொகை எழுத வேண்டும்.

வரி எவ்வளவு?

5 ஆண்டு தொடர் சேவை முடியும் முன் பி.எஃப். எடுத்தால், தொகை ரூ.50,000-ஐத் தாண்டும்போது பான் இருந்தாலும் 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஜீவனாம்சத்தை மொத்தமாக ஒரே தவணையில் வாங்கினால் அது மூலதன வரவு. பொதுவாக வரி இல்லை. மாதாமாதம் வாங்கினால் வருமானமாகக் கருதப்படும். கொடுப்பவருக்கு எந்த வரிச் சலுகையும் கிடையாது.

சொன்னபடி தரலைன்னா?

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். "பி.எஃப். பணம் வந்ததும் தருகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால், பிறகு அந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவை கைக்கு வந்த பிறகும் பாதுகாப்பு தொடரும் என்று ஒரு வங்கிக் கடன் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனைவியின் ஜீவனாம்சம் சாதாரணக் கடன் அல்ல, அதற்காக ஓய்வூதியத்தைப் பிடிக்கலாம் என்று 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது. சம்பளத்தில் பிடிப்பதற்கு வழி தெளிவாக இருக்கிறது: ஜீவனாம்சத் தீர்ப்பை நிறைவேற்ற, மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம்.

இன்னொரு வழி, 25-வது பிரிவிலேயே இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தின் மீது நீதிமன்றம் பொறுப்பு விதிக்கலாம். கணவர் பெயரில் வாழைத் தோட்டமோ மனையோ இருந்தால் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

வெளிநாட்டில் எப்படி?

சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தர வசிப்பிட உரிமையோ பெற்றவர்களுக்கு சி.பி.எஃப். கணக்கு உண்டு. விவாகரத்தில் நீதிமன்ற உத்தரவுப்படி அதை ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்கு மாற்றலாம். அமெரிக்காவில் நிறுவன ஓய்வூதியக் கணக்கைப் பிரிக்க 'கியூ.டி.ஆர்.ஓ.' என்ற தனி உத்தரவு வேண்டும். அதை எழுதவே வழக்கறிஞர் கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கும்.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க:

• பரஸ்பர சம்மத மனு என்றால் தொகை, தேதி, தாமதமானால் வட்டி, ஈடு என நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

• "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை பி.எஃப்., பணிக்கொடை விவரம் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

• விவாகரத்து ஆனதும் பி.எஃப்., இன்சூரன்ஸ், வங்கிக் கணக்குகளில் நாமினியை மாற்றுங்கள். தானாக மாறாது.

• விவாகரத்தான மனைவிக்கு, முன்னாள் கணவர் இறந்தாலும் இ.பி.எஸ். விதவை ஓய்வூதியம் கிடையாது. இந்த இழப்பையும் சேர்த்தே தொகையைப் பேச வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

கணவர் சென்னையிலோ ஓசூரிலோ இருந்தாலும், இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி மனைவி தான் வசிக்கும் பகுதிக்கான நீதிமன்றத்திலேயே மனு போடலாம். தொட்டியத்தில் இருப்பவர் அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வசதி இல்லையா? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருச்சி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.