மாலைப்பொழுது (சங்க இலக்கியத்தில்)

தொல்காப்பியம் மாலையை முல்லைத் திணையின் சிறுபொழுதாக வகுக்கிறது, பெரும்பொழுது கார். பிரிந்து சென்ற தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவியின் ஏக்கத்துக்கு மங்கும் ஒளியே களம். செவ்வானமும் பாடப்பட்டதுண்டு. ஆனால் முல்லை அவிழ்வது, ஆநிரை திரும்புவது, விளக்கேற்றுவது என மண்ணில் நிகழ்பவற்றைக் கொண்டே புலவர்கள் அந்தியைப் பெரிதும் உணர்த்தினர்.

இம்முறையின் உச்சம் நக்கீரரின் நெடுநல்வாடை (188 அடி). கதிரவனே தென்படாத மழைமூட்டத்தில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பூந்தட்டில் இட்ட பிச்சி அரும்புகள் விரிந்து மணக்கின்றன. மாலை வந்துவிட்டதை நகரப் பெண்கள் அதனால் அறிகிறார்கள். இரும்பு விளக்கில் திரியேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்தியை மணத்தால் காட்டிய இந்தப் பகுதிக்கு ஈடாகச் சொல்ல அதிகமில்லை. அரண்மனைக்குள்ளோ யவனர் செய்த பாவை விளக்குகள் எரிகின்றன.

முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு நிற்பதும் மாலையில்தான்.

சங்க மரபைத் தொடரும் திருக்குறளின் 123ஆம் அதிகாரம், ‘பொழுதுகண்டு இரங்கல்’, முழுக்க மாலையைப் பற்றியது. அதில் தலைவி மாலையை நேரில் விளித்து வாதிடுகிறாள். ஆயனின் குழலோசைகூட அவளைக் கொல்லும் படையாகிறது.